கொக்கியக்காவின் சட்டியும் பத்து மூக்குகளும்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தக் குடியிருப்பின் நான்காவது தெருவில் ‘டங்… டங்…’ என்று ஒரு சத்தம் நகர்ந்து போகும். கொக்கியக்கா சட்டியை வெளியே எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சட்டியின் வளையத்துக்குள் நீளமான இரும்புக் கம்பியை நுழைத்து, ஒரு முனையை அவளும் மறு முனையை அவள் புருஷனும் தூக்கி வருவார்கள். அவன் நெடுநெடுவென்று வளர்ந்தவன். அவள் அவன் தோளுக்கு ஒரு சாண் கீழே. ஆகவே பத்தடிக்கு ஒருமுறை சட்டி அவள் பக்கமே சறுக்கி வந்து, மூடி இடித்துக்கொள்ளும்.

“யோவ், உன் பக்கம் கொஞ்சம் இறக்கிப் பிடியேன். பாரமெல்லாம் எனக்குத்தானா?”

“நான் என்னடி பண்றது? முழங்காலை மடக்கி நடந்தா பாக்கறவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். தோள்பட்டை கழண்டு நான் அழறதைவிட அது பரவாயில்ல.”

அவன் முழங்காலை மடக்கி நடப்பான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அது சாதாரணச் சட்டி இல்லை. கனத்த வார்ப்பு இரும்பு. அடியில் கட்டைவிரல் உயரத்தில் மூன்று கால்கள். தட்டையான மூடி, அதன் ஓரம் தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி மேலே எழும்பியிருக்கும். அதன்மேல் தணல் கங்குகளைக் கொட்டினால் உருண்டு விழாது. கீழே நெருப்பு, மேலேயும் நெருப்பு, நடுவில் கறி. ஒன்பது வருஷத்துக்கு முன் பழைய இரும்போடு இரும்பாகத் தொழிற்சாலைக்கு வந்த சட்டி. துருவேறி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. “தூக்கி உருக்கப் போடு” என்றார் சூப்பர்வைசர். கொக்கியக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். செங்கல் தூளும் தேங்காய் நாரும் போட்டு நான்கு நாள் தேய்த்தாள். எண்ணெய் பூசிச் சூடாக்கி, மறுபடி பூசிச் சூடாக்கி, ஒரு மாதம் பழக்கினாள். கடைசியில் அதில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குக் கருத்து மின்னியது.

தொழிற்சாலையில் அவள் இருந்தது ஆசிட் செக்‌ஷன். துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக வரும் இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டிகளில் முக்கிச் சுத்தம் செய்து, முலாம் பூச அனுப்புவார்கள். தொட்டியில் தொங்கும் சாமான்களை முனை வளைந்த கம்பியால் திருப்பிப்போட்டு, பதம் பார்த்து எடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாகக் கையில் கொக்கி. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மேலே கிரேனை ஓட்டித் தொட்டிக்குள் சாமான்களை இறக்குகிறவன் அவள் புருஷன். அவள் கையைத் தூக்கினால் அவன் தூக்குவான், தாழ்த்தினால் தாழ்த்துவான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்று செக்‌ஷனில் கிண்டல் உண்டு. பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்துவிட்டது. அவர்கள் பேச ஆரம்பிக்கவே இல்லை.

தொட்டிகளுக்கு மேலே ஒரு ராட்சச விசிறி இருந்தது. ஆசிட் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுவதற்காக. மூன்று வருஷமாக அது ஓடவில்லை. கேட்டால், “ஸ்பேர் வரணும்” என்பார்கள். மேனேஜர் அறையின் ஏசி பழுதானால் மட்டும் ஸ்பேர் அன்று மாலையே வந்துவிடும். அது எந்த ஊரிலிருந்து வருகிறது, இது எந்த ஊரிலிருந்து வரவில்லை என்று யாரும் விளக்கியதில்லை. விசிறியின் இறக்கைகளில் ஒரு சிலந்திகூட வலை பின்னவில்லை. சிலந்திக்கு இருந்த புத்தி நிர்வாகத்துக்கு இல்லை.

தன் மூக்கு போய்விட்டது என்பது கொக்கியக்காவுக்குத் தெரிந்தது சமையலில் அல்ல, ஒரு குழந்தையால். அவள் நாத்தனார் ஒரு தையல்காரி. நாக்கு கத்தரிக்கோலைவிடக் கூர்மை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன கொக்கியக்கா, பிறந்து பன்னிரண்டு நாளான அந்தக் குழந்தையை வாங்கித் தலையுச்சியில் முகத்தை வைத்தாள். மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வெதுவெதுப்பு இருந்தது, மென்மை இருந்தது. வேறு எதுவுமே இல்லை. சிரித்துக்கொண்டே குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

“எல்லாம் விதி அண்ணி” என்றாள் நாத்தனார், விஷயம் தெரிந்ததும்.

“அப்படியா? விதிக்கு ஆசிட் தொட்டிமேல மட்டும்தான் கண்ணா? மேனேஜர் ரூம் பக்கம் வழி தெரியாதா அதுக்கு?”

தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். விசிறி ஓடவில்லை, ஆவியால் என் மூக்கு செத்துவிட்டது, இன்றைக்கு எனக்கு என்றால் நாளைக்கு மற்றவர்களுக்கு. நாலே வரி. ஆறு மாதம் கழித்துக் கம்பெனி டாக்டர் செக்‌ஷனுக்கு வந்தார். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினார். சோதனை என்று எதுவும் இல்லை, ஒரே கேள்வி: “வாசனை தெரியுதா?”

“தெரியுது சார்.”

“தெரியுது சார்.”

கிரேன்காரன் முறை வந்தது. ஒரு நொடி பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான். “நல்லா தெரியுது சார்” என்றான்.

“ஒன்பது பேர் நல்லா இருக்காங்க. உனக்கு மட்டும் எப்படிம்மா போகும்? வயசாகுதில்ல? சளி இருக்கும்” என்று சொல்லி, அதையே எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டு அவள் புகாரின் மேல் கல்மாதிரி உட்கார்ந்தது. வேலைக்குத் தகுதி இல்லாதவள் என்று எழுதி அவளை அனுப்பிவிடலாமா என்ற பேச்சும் ஆபீசில் அடிபட்டது. கடைசி விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை. டாக்டர் சீட்டைத் தவிர வேறு எதுவும் மேசைக்கு வராவிட்டால், புகார் பொய் என்று மூடிவிடுவார்கள். விசிறியின் கதையும் அதோடு மூடிவிடும். ‘பொய்க்காரி’ என்ற பெயர்தான் அவளைத் தின்றது.

புருஷன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. தெரிகிறவன் தெரிகிறது என்றுதானே சொல்லுவான்? அதுவும் அன்று ராத்திரி அவன் சொன்னது இன்னும் காதில் இருந்தது: “உன் மூக்கு போனா என்னடி? என் மூக்கு ரெண்டு பேருக்கும். சமையலுக்கு நான் ஆச்சு.”

ஒன்றரை வருஷமாகச் சட்டி அப்படித்தான் ஓடியது. அவள் காது, அவன் மூக்கு. கொக்கிக் கம்பியின் ஒரு முனையை மூடியில் ஊன்றி மறு முனையைக் காதோடு வைத்துக் கேட்பாள். தண்ணீர் நிறைய இருக்கும்போது உள்ளே குளுகுளுவென்று கும்மாளம்; குறையக் குறைய முணுமுணுப்பு; பதமாகும்போது மெல்லிய பொரிச்சல். அந்தப் பொரிச்சல் கேட்டதும் கம்பியை எடுத்துச் சட்டி ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவனைப் பார்ப்பாள். அவன் நெஞ்சு விரிய மூச்சிழுத்து, “வாசம் வந்துடுச்சு, எறக்கு” என்பான். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. நாத்தனார் மட்டும், “மிளகு தூக்கல், உப்பு அள்ளிக் கொட்டியிருக்கு, இதை எப்படித்தான் எல்லாரும் திங்கறீங்களோ” என்று முகம் சுளிப்பாள். செக்‌ஷன் ஆட்கள் ஒருமனதாக, “ஏன், இப்பதான் சுள்ளுனு இருக்கு!” என்பார்கள். அவள் வாய் அப்படி என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். தொழிற்சாலைச் சுற்றுச்சுவருக்கு வெளியே, பழைய குழாய்கள் அடுக்கியிருக்கும் காலி மனைதான் அவர்கள் கூடும் இடம். காலையில் செக்‌ஷன் ஆட்கள் மட்டும் வந்து சமைப்பார்கள். குடும்பங்கள் ஒரு மணிக்குத் தட்டோடு வரும். மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருத்தி நான்கு மாதத்துக்கு முன் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண்மணி. ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ரொட்டி வாங்கப் போயிருந்தாள்.

விறகு எரித்துக் கங்கு எடுத்தார்கள். ஆட்டுத் தொடைக்கறி எலும்போடு, முழு வெங்காயம், பூண்டு, தட்டிய மிளகு, உப்பு. கீழே எட்டுக் கங்கு, மூடிமேல் பதினாறு. கால் மணிக்கு ஒருமுறை சட்டியைக் கால் வட்டம் வலப்பக்கம், மூடியைக் கால் வட்டம் இடப்பக்கம் திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரே இடத்தில் சூடு பிடித்துக் கருகும். இதெல்லாம் கொக்கியக்காவுக்குத் தூக்கத்திலும் வரும்.

பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. தரையே நடுங்கியது. கம்பியை மூடியில் ஊன்றிக் காதில் வைத்தாள். கம்பி முழுக்க ஜெனரேட்டர்தான் ஓடியது. போதாததற்குக் காற்று வேறு. கங்கு ஒவ்வொன்றும் ஆரஞ்சுப் பழமாகச் சிவந்தது.

“யோவ், இன்னிக்கு காது கை விட்டுடுச்சு” என்று கத்தினாள். “உன் மூக்குதான். பாத்துக்க.”

“ம்” என்றான் கிரேன்காரன். ஏனோ இடத்தை மாற்றி உட்கார்ந்தான்.

பதினொன்றே முக்காலுக்குக் கேட்டாள்: “வாசம் வருதா?”

அவன் மூச்சிழுத்தான். எதிரே உட்கார்ந்திருந்த மீசைக்காரரைப் பார்த்தான். மீசைக்காரர் அவனைப் பார்த்தார். “வருது… ஆனா இன்னும் முழுசா ஆகல” என்றான்.

“ஆமாமா, லேசா மிளகு வாசம் எட்டிப் பாக்குது” என்றார் மீசைக்காரர், மீசையை நீவிக்கொண்டு.

“எனக்கு வெங்காயம்தான் முன்னால வருது” என்றாள் வேலை நேரத்தில் ஓயாமல் பாடும் பாட்டுக்காரி. “ஆஹா! என்னா மணம்க்கா!”

“ஊரையே கூட்டுது போ” என்றார் இன்னொருவர், கண்ணை மூடி.

கொக்கியக்காவுக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. எல்லாரும் ஒரு வீட்டுக்குள் விருந்தில் இருக்க, தான் ஒருத்தி மட்டும் வாசலில் நிற்பதுபோல. செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை மூக்குகளுக்கு எதிரே நான் ஒருத்தி என்ன பேசுவது?

பக்கத்தில் எரிந்த ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. சட்டியின் ஓரத்திலிருந்து எழுந்த புகை அதோடு கலந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் தெருமுனை திரும்பி நாத்தனார் வந்தாள். கழுத்தில் அளவெடுக்கும் டேப், முந்தானை மூக்கில். நடந்து வந்தவள் ஓட ஆரம்பித்தாள்.

“அண்ணி! அண்ணே! என்ன எரியுது இங்க? டயர் கொளுத்துறாங்கன்னு நெனச்சேன். முக்குக் கடையிலேயே நாத்தம் தாங்கல! சட்டி கருகுது, சுத்தி உக்காந்து கதை பேசிட்டிருக்கீங்க! பத்துப் பேரும் மூக்கை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா?”

கொக்கியக்கா பாய்ந்து கொக்கியால் மூடியைத் தூக்கினாள். குப்பென்று கரும்புகை. உள்ளே கறி இல்லை, கரி இருந்தது. வெங்காயம் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. நாத்தனார் இருமியபடி பத்தடி பின்னால் போனாள். மற்ற யாரும் அசையவில்லை. அசைய வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

கொக்கியக்கா மூடியைக் கையில் தொங்கவிட்டபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“மீசையண்ணே, மிளகு வாசம்னீங்களே?”

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். “எனக்கு… ரெண்டு வருஷமா ஒண்ணும் தெரியாதும்மா. அவன் வருதுன்னான். சரி, வருது போலன்னு…”

“உனக்கு வெங்காயம் வந்துச்சே?”

“நீங்கெல்லாம் சொல்றப்போ நான் மட்டும் எப்படிக்கா இல்லன்னு சொல்றது?” பாட்டுக்காரியின் குரல் உடைந்தது. “எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கு நடந்ததைப் பாத்தேனே.”

“எனக்கும்தான்” என்றது ஒரு குரல். “எனக்கும்” என்றது இன்னொன்று. யாரோ முதலில் சிரித்தார்கள். ஒருவர் மூக்கை ஒருவர் நம்பி, ஒன்பது பேர் ஒரு கருகிய சட்டியைச் சுற்றி உட்கார்ந்து மணத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள்! சிரிப்பு பரவி, வயிற்றைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குப் போய், பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை என்பது மெதுவாக உறைத்தது.

கிரேன்காரன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ இப்படி வா” என்றாள் கொக்கியக்கா.

குழாய் அடுக்குக்குப் பின்னால் போனார்கள். அவன் உட்கார்ந்தான், அப்போதுதான் இருவர் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தது.

“எப்போலேருந்து?”

“உனக்கு முன்னாடியே.”

“ஏன்யா சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு நீ குழந்தையை மோந்து பாத்துட்டு, குழாயைத் தொறந்துவிட்டு அழுதே பாரு. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். நீ அழுதுட்டு வர்றப்போ, எனக்கும் இல்லடின்னு எப்படி சொல்றது? ஒருத்தராவது முழுசா இருக்கோம்னு நீ நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் டாக்டர் வந்தான். உன்னை அனுப்பிட்டா நான் ஒருத்தனாவது உள்ள இருக்கணுமேன்னு…”

“சரி, கறி எறக்கற நேரம்? ஒருதடவைகூடத் தப்பாம எப்படி சொன்னே?”

அவன் தயங்கினான். “நீதான் கம்பியால ரெண்டு தட்டு தட்டுவியே. அப்போ சொல்லுவேன்.”

ஒன்றரை வருஷமாக அவன் மூக்கு என்று அவள் நம்பியது தன் காதைத்தான். தான் தட்டியதை வாங்கி, அதற்கு ‘வாசம்’ என்று பெயர் வைத்து, தனக்கே பரிமாறியிருக்கிறான். அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே போன கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது.

“இதைக் கேளு. உன் பாசம் எனக்குப் புரியுது. ஆனா வரிசையில நின்னு நீ சொன்ன ஒரு வார்த்தையில நான் பொய்க்காரி ஆனேன்யா. ஊரு சொன்னா பரவாயில்ல. நீ சொன்னது.”

“தெரியும்” என்றான். கண்ணில் நீர் நின்றது. “தினமும் தெரியும்.”

“தெரிஞ்சா செவ்வாய்க்கிழமை வா.”

“வரேன்.”

“லீவு தர மாட்டான்.”

“தராட்டி போகட்டும். கிரேன் அந்தரத்துலயே தொங்கட்டும்.”

அவள் காலரை விட்டாள். சுருங்கியிருந்த இடத்தைத் தடவி நேராக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் கொக்கியக்கா யார் என்பது தெரியும். திரும்பி வந்து, ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தவர்களை உட்காரவைத்தாள். “எனக்குத் தெரியல, உனக்குத் தெரியலன்னு வாயால சொன்னா நாளைக்கு அந்த டாக்டர் நம்ம எல்லாரையும் கூட்டுக் களவாணின்னு எழுதுவான். சோதிச்சுப் பாத்துடுவோம்” என்றாள். நாத்தனார் தையல் கடைக்கு ஓடி மெஷின் எண்ணெயும் துண்டுத் துணியும் கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய், நசுக்கிய பூண்டு, சோப்பு, வெறும் தண்ணீர். ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்தில் வைத்து, கண்ணைக் கட்டி, வரிசை மாற்றி மாற்றி மூக்கருகே காட்டினார்கள். கம்பெனி டாக்டர் ஆறு மாதத்தில் செய்யாத வேலையை ஒரு தையல்காரி அரைமணி நேரத்தில் செய்தாள். பத்துப் பேருக்கும் மண்ணெண்ணெயும் தண்ணீரும் ஒன்றுதான். ரொட்டியோடு வந்து சேர்ந்த புதுசுக்கு மண்ணெண்ணெய் தெரிந்தது, பூண்டு தெரியவில்லை.

“நாலு மாசத்துல பாதி மூக்கு” என்றாள் கொக்கியக்கா மெல்ல. புதுசு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாத்தனார் சட்டியைக் கழுவத் தூக்கினாள். “தொடாதே” என்றாள் கொக்கியக்கா. “அது சாட்சி.”

செவ்வாய்க்கிழமை காலை, துணியில் மூட்டை கட்டிய சட்டியோடு பதினோரு பேரும் பஸ் ஏறினார்கள். இரண்டு நாள் மூடிக் கிடந்த கருகல். இரண்டாவது நிறுத்தத்திலேயே பஸ்ஸின் பின்பாதி காலியாகிவிட்டது. நின்றுகொண்டிருந்தவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. “என்னய்யா கொண்டுவர்றீங்க?” என்று கத்தினார் கண்டக்டர், முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி. “ஆபீஸ் பேப்பர்” என்றார் மீசைக்காரர்.

விசாரணை அறை சின்னது. ஒரு மேசை, ஒரு சுழலும் விசிறி, சுவரோரம் பெஞ்சுகள். அதிகாரி ஒரு அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு டாக்டர் சீட்டைப் படித்தார். பக்கத்தில் டாக்டர், காலை ஆட்டிக்கொண்டு. “தனிப்பட்ட உடல் கோளாறு மேடம். மத்தவங்க யாருக்கும் பிரச்னை இல்ல. நானே நேர்ல விசாரிச்சேன்.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

கொக்கியக்கா மேசைமேல் சட்டியை வைத்தாள். மேசை கிறீச்சிட்டது. முடிச்சை அவிழ்த்தாள். கொக்கியை மூடியில் மாட்டித் தூக்கினாள்.

அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஒரே எட்டில் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். டாக்டரின் கைக்குட்டை பாக்கெட்டிலிருந்து மூக்குக்குப் போன வேகத்தில், அவர் நோயாளிகளைக் கவனித்திருந்தால் இந்த விசாரணையே நடந்திருக்காது. வாசலில் நின்ற பியூன் தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். தலைக்கு மேலே விசிறி சுழன்று சுழன்று அந்த நாற்றத்தை மூலை மூலையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெஞ்சில் ஒன்பது பேர், கையை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு எழுத வந்தவர்கள்போல அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவதாக உட்கார்ந்திருந்த புதுசு மட்டும் லேசாக, பாதி முகத்தைச் சுளித்தாள்.

“அம்மா, நாங்க சொல்ல வந்தது இவ்வளவுதான்” என்றாள் கொக்கியக்கா.

“இது நாடகம்!” என்றார் டாக்டர் கைக்குட்டைக்குள்ளிருந்து. “எல்லாரும் பேசி வெச்சு நடிக்கிறாங்க.”

“அப்ப உங்க மூக்கும் நடிக்குதா டாக்டர்?”

அதிகாரி ஜன்னலிலிருந்து திரும்பினார். கண்ணில் நீர் கோத்திருந்தது. பெஞ்சைப் பார்த்தார், ஒவ்வொருவராக. “மூடுங்கம்மா” என்றார் தாழ்ந்த குரலில். கொக்கியக்கா மூடினாள். “உங்களுக்கு இது… எதுவுமே தெரியலையா?”

கிரேன்காரன் எழுந்து நின்றான். தலை கிட்டத்தட்ட விசிறியைத் தொட்டது. “எனக்கு ரெண்டு வருஷமா தெரியாதுங்க. அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ தெரியுதுன்னு சொன்னேன். அது பொய். என் பொண்டாட்டி சொன்னது நெசம். அதை எழுதிக்குங்க.”

அவர் எழுதிக்கொண்டார்.

தொழிற்சாலை விசிறி பதினெட்டாம் நாள் ஓடியது. மூன்று வருஷமாக வராத ஸ்பேர் பக்கத்துத் தெருவில்தான் இருந்திருக்கிறது. அதுவரை தொட்டிகள் நிறுத்தப்பட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு பேருக்கும் முறையாகச் சோதனை நடந்தது. புதுசுக்குத் திரும்ப வந்துவிடும் என்றார்கள். பாட்டுக்காரிக்குக் கொஞ்சம் வரலாம். கொக்கியக்காவுக்கும் கிரேன்காரனுக்கும், “சொல்ல முடியாது” என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். பொய்யாக ஆறுதல் சொல்லாததற்காகவே அவரைக் கொக்கியக்காவுக்குப் பிடித்துப்போனது.

சட்டியை மறுபடி செங்கல் தூள் போட்டுத் தேய்த்து, மறுபடி எண்ணெயில் பழக்கினாள். ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்த கடைசி ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் காலையிலேயே ஆஜர். சட்டிக்கு எதிரே முக்காலி போட்டு ராணிமாதிரி உட்கார்ந்தாள். “இனிமே நான்தான் மூக்கு. உப்பை நான் சொல்ற அளவு போடுங்க. ரெண்டு வருஷமா கத்தினேன், ஒருத்தராவது கேட்டீங்களா?”

“நீ சொன்னது தப்பில்லடி, உன் வாய்தான் தப்பு” என்றான் அண்ணன்காரன்.

“சொல்லு” என்றாள் கொக்கியக்கா. “இப்ப என்ன வருது?”

“இப்ப… வெங்காயம். பச்சை வாடை போயிடுச்சு. இனிப்பா வருது.” எல்லாரும் கதை கேட்பதுபோலக் கேட்டார்கள். கிரேன்காரன் கண்ணை மூடிக்கொண்டான். “இப்ப பூண்டு. மிளகு வருது பாருங்க… இல்ல, பாக்காதீங்க, நான் சொல்றேன். கறியோட கொழுப்பு உருகுது.”

கொக்கியக்கா கம்பியைக் காதில் வைத்திருந்தாள். பொரிச்சல் கேட்டது. பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“வாசம் வந்துடுச்சு, எறக்கு” என்றான் கிரேன்காரன், அவனும் பழக்கத்தில். மனையே சிரித்தது. “அண்ணே சொன்னது சரிதான்” என்றாள் நாத்தனார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “எறக்குங்க.”

கங்கைத் தள்ளிவிட்டுச் சட்டியை இறக்கி வைத்தபிறகு, நாத்தனாரின் குழந்தை தத்தித் தத்தி வந்து கொக்கியக்காவின் மடியில் ஏறியது. ஒன்றரை வயதாகியிருந்தது, ஓரிடத்தில் நிற்காத வாலு. என்னவோ, அன்று அடங்கி உட்கார்ந்தது. கொக்கியக்கா அதன் தலையில் கன்னத்தை வைத்தாள்.

“இதையும் சொல்லேன்” என்றாள், மற்ற யாருக்கும் கேட்காத குரலில். “இது எப்படி இருக்கும்?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் நாத்தனார் முக்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். குனிந்து மகளின் தலையை மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள். கழுத்து டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

“வெயில்ல காஞ்ச துணியை இஸ்திரி போட்டதும் ஒண்ணு வருமே அண்ணி… அது. அதுல கொஞ்சம் பால். அப்புறம்…” இன்னொரு தரம் குனிந்தாள். “அப்புறம் இன்னிக்கு உங்க கறியும் கொஞ்சம்.”

கொக்கியக்கா கண்ணை மூடி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தாள்.